பழைய டீசல் லோரிகளில் எரிபொருள் கோளாறு (கெடா)

தொட்டியிலிருந்து நாசில் வரை டீசல் உரிய அளவிலும் அழுத்தத்திலும், காற்றும் நீரும் கலக்காமல் போய்ச் சேராதபோது எஞ்சினில் தோன்றும் குறைகள் எரிபொருள் கோளாறு எனப்படுகின்றன. காலையில் எஞ்சின் எளிதில் பிடிக்காது, மேட்டில் இழுவை குறையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும், ஐடலில் சத்தம் ஏறி இறங்கும். மின்னணுக் கட்டுப்பாடும் காமன் ரெயில் முறையும் வருவதற்கு முந்தைய வண்டிகளை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோலகெட்டில், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் இவ்வகை வண்டிகள் இன்றும் உழைக்கின்றன. இவற்றில் வரும் எரிபொருள் கோளாறுகளில் பெரும்பகுதி தொட்டிக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் இடையிலுள்ள மலிவான பாகங்களில்தான் பிறக்கிறது. அப்படியிருந்தும் முதலில் கழற்றப்படுவது பெரும்பாலும் விலை கூடிய பம்பே.

வண்டிகளும் வேலையும்

ஒரு தலைமுறைக்கு முன்பு பெட்ஃபோர்டு லோரிகள் தோட்டச் சாலைகளில் பரவலாக ஓடின. பிறகு இசுசு எல்ஃப், மிட்சுபிஷி ஃபூசோ கேன்டர், ஹினோ, டொயோட்டா டைனா ஆகிய ஜப்பானிய வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. டிரெய்லர் இழுக்கும் மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டரையும் இக்குடும்பத்தில் சேர்க்கலாம். அதன் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினுக்கும் இங்கே சொல்லப்படும் சோதனைகள் பொருந்தும்.

தோட்டத்தில் லோரி நின்றுபோனால் சரக்கு காத்திருக்காது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி விலை இறங்கும். ரப்பர் பால் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கும். இந்த அவசரத்தில்தான் காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றும் பழக்கம் வளர்ந்தது.

டீசல் போகும் வழி

ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருள் அழுத்தக் காற்றின் உதவியால் உள்ளே செலுத்தப்பட்டது. சாலை வண்டிக்கு அந்தக் கருவி மிகப் பெரியது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1927இல் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொழிற்சாலையில் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் லோரி பரவியது. ஜப்பானிய லோரிகள் பலவற்றில் இருப்பது போஷ் உரிமத்தின் கீழ் டீசல் கிகி செய்த பம்ப். பெர்க்கின்ஸ் எஞ்சின்களில் சி.ஏ.வி. நிறுவனத்தின் சுழல் பம்ப் பரவலாகக் காணப்படும்.

டீசல் தொட்டியிலிருந்து உறிஞ்சு குழாய், ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப் என்ற வரிசையில் வந்து, தடித்த இரும்புக் குழாய்கள் வழியாக நாசிலை அடைகிறது. மிஞ்சியது ரிட்டர்ன் குழாயில் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த வழியில் மூன்று விதமான அழுத்தங்கள் உண்டு. தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே இருப்பது உறிஞ்சும் பகுதி. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஃபீட் பம்பைத் தாண்டினால் ஏறத்தாழ 1 முதல் 2 பார். டயாஃப்ரம் வகைப் பம்பில் அரை பார் அளவே இருக்கும். நாசிலில் நேரடி எரிப்பு எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 175 முதல் 220 பார், முன்னறை எஞ்சின்களுக்கு 100 முதல் 150 பார். கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்தறிவதே பாதி வேலை.

முதல் சோதனை: புகை

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒருவர் ஸ்டார்ட் அடிக்க, மற்றவர் புகைக்குழாய் அருகில் நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பம்ப் டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமே தவிர ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. ஓடும்போது கரும்புகை வந்தால் காற்றைவிட டீசல் கூடுதல், அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. தோட்டப் புழுதியில் அடைபட்ட ஏர் ஃபில்டரும் இதே கரும்புகையைத் தரும் என்பதால் அதை முதலில் கழற்றிப் பார்ப்பது நல்லது. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். இக்கட்டுரைக்கு வெளியே உள்ளது.

புகையே இல்லாத வண்டியில் எஞ்சினை நிறுத்தும் கம்பி முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. சுழல் பம்பாக இருந்தால் அதன் மேலுள்ள சாலனாய்டுக்குச் சாவியைத் திருப்பும்போது மின்சாரம் வர வேண்டும். வந்தால் ‘டிக்’ என்ற சத்தம் காதில் விழும். ஒற்றை மின்கம்பி அறுந்ததற்காகப் பம்பையே இறக்கிய கதைகள் பட்டறைகளில் ஏராளம்.

காற்று புகுதல்

பழைய வண்டிகளில் அதிகம் காணப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். உறிஞ்சும் பகுதியில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால், ஓட்டை விழுந்த குழலால் இளநீர் உறிஞ்சுவதைப் போல, டீசலுக்குப் பதில் காற்று வரும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. ஈரம் இல்லாததைப் பார்த்துவிட்டு, குழாய் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் அடுத்ததற்குப் போய்விடுவார். ஃபீட் பம்புக்கு அப்பால் உள்ள கசிவோ ஈரமாகத் தெரியும், அதில் புழுதி ஒட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

காற்று புகும் வண்டி மாலையில் நன்றாக ஓடிவிட்டு, மறுநாள் காலையில் நெடுநேரம் ஸ்டார்ட் அடித்த பிறகே பிடிக்கும். இரவில் குழாயிலிருந்த டீசல் தொட்டிக்கே இறங்கி, அந்த இடத்தைக் காற்று நிரப்பியிருக்கும். முன்பக்கம் மேட்டை நோக்கி நிறுத்திய இரவுகளில் இது மோசமாகும். தொட்டியில் டீசல் குறைவாக இருந்தால் இன்னும் மோசமாகும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட ஓர் எளிய வழி உண்டு. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓட விட வேண்டும். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் சரம் சரமாகக் குமிழி ஓடினால் காற்று எங்கோ புகுகிறது. எங்கே என்பதை ஒரு தோம்பு டீசலால் அறியலாம். தொட்டிக் குழாயைக் கழற்றி, ஃபீட் பம்பின் வாயைத் தோம்பில் உள்ள டீசலோடு இணைத்தபின் குமிழி நின்றால் குற்றம் தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கிறது. நிற்காவிட்டால் தோம்பை எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, ஃபீட் பம்பை விலக்கி, ஃபில்டருக்கு நேராக டீசல் இறங்கும்படி செய்ய வேண்டும். இப்போது சரியாக ஓடினால் ஃபீட் பம்பே குற்றவாளி. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரமும் சில ரிங்கிட் குழாயும் போதும்.

காற்று புகும் இடங்களில் முதலிடம் செப்பு வாஷருக்கு. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். அதையே திரும்பப் போட்டால் சரியாக அமராது. புதிது கிடைக்காத இடத்தில் வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும். கை பம்பின் தேய்ந்த சீல், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், சேஸியில் உராய்ந்து மெலிந்த இரும்புக் குழாய் ஆகியவை அடுத்து வரும். ரப்பர் குழாய் வெளியே புதிது போலத் தெரிந்தாலும் உள்தோல் உரிந்து நாக்குப் போலத் தொங்கக்கூடும். ஐடலில் எதுவும் தெரியாது. மிதியை அழுத்தி ஓட்டம் கூடும்போது அந்தத் தோல் வழியை மூடிவிடும். பாலிங்கிலிருந்து பெங்காலான் ஹூலு வழியாகக் கிரிக்குக்குச் சரக்கோடு ஏறும்போது மட்டும் இழுவை விட்டுப்போகும் வண்டிகளில் இந்தக் குழாயை வளைத்து, வெட்டிப் பார்க்க வேண்டும்.

தொட்டி

இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே பிடித்துக்கொள்ளும் வண்டிக்கு முதலில் தொட்டி மூடியைத் திறக்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிடும். குளவி மண்கூடு வைப்பதும் உண்டு. டீசல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. ஒரு கம்பியால் தீரும் இந்தக் கோளாறு பம்ப் கோளாறு போலவே நடிக்கும்.

நீர் வேறு வழியில் வருகிறது. 200 லிட்டர் டீசல் தோம்புகளை மழையில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். பகலில் சூடேறி விரிந்த தோம்பு, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மரையிடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தோம்பைக் கூரைக்கடியில், படுக்கை வசத்தில், இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைப்பது சரியான முறை. ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியிலுள்ளதை எடுக்காமல் விடவும் வேண்டும். வண்டித் தொட்டியை மாலையிலேயே நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கரிய கொழகொழப்பாகும். ஃபில்டரை வெட்டிப் பார்க்கும்போது அந்தக் களிம்பு தெரிந்தால், தொட்டியை இறக்கிக் கழுவாமல் புது ஃபில்டர் மாட்டுவது வீண்செலவு.

செம்பனை டீசல்

மலேசியாவில் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆய்வு 1980களில் தொடங்கியது. தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2006இல் வந்தது. 2019 பிப்ரவரி முதல் போக்குவரத்துத் துறைக்கு பி10, அதாவது 10 விழுக்காடு செம்பனை எஸ்டர் கலந்த டீசல் கட்டாயமானது. 20 விழுக்காடு கலந்த பி20 முதலில் அறிமுகமான இடம் கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவு, ஆண்டு 2020. தோட்டத்திலிருந்து லோரி சுமந்துபோகும் குலையின் ஒரு பங்கு அதன் தொட்டிக்கே திரும்பி வருகிறது.

பழைய எஞ்சின் இதனால் கெட்டுவிடும் என்ற அச்சம் மிகையானது. கந்தகம் குறைந்த யூரோ 5 டீசல் 2021 ஏப்ரலில் கட்டாயமான பிறகு, பம்பின் உள்பாகங்களுக்கு வேண்டிய வழவழப்பைத் தருவதில் எஸ்டர் உதவுகிறது. ஆனால் மூன்று விளைவுகளை எதிர்பார்க்க வேண்டும். எஸ்டர் தொட்டியின் பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்புவதால் முதல் சில மாதங்களில் ஃபில்டர் விரைவில் அடைபடும். டீசலைவிட அது அதிக ஈரத்தை ஏற்கும். பழைய வகை ரப்பர் சீல்களையும் குழாய்களையும் மென்மையாக்கும் அல்லது உப்பச் செய்யும். வெளிநாட்டுக் கையேடுகள் விரிவாகச் சொல்லும் மெழுகு உறைதல் கெடாச் சமவெளியின் வெப்பத்தில் வருவதில்லை. அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

பம்பும் நாசிலும்

உறிஞ்சும் பகுதியும் ஃபில்டரும் சரி என்று தெரிந்த பிறகே இங்கே வர வேண்டும். வரிசைப் பம்பில் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் உடைந்தால் டீசல் தங்காமல் திரும்பிப் போய் இழுவை குறையும். சின்னப் பாகம்தான், பம்பை இறக்காமலே மாற்றலாம். காற்றால் இயங்கும் கவர்னர் கொண்ட பழைய எஞ்சின்களில் டயாஃப்ரம் கிழிந்தால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். எஞ்சின் ஆயில் மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்பின் டயாஃப்ரமோ சீலோ கிழிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது; பேரிங் போய்விடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் தட்டினால் ஐடலில் ஒவ்வொரு பிரஷர் குழாயின் நட்டையும் வரிசையாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். கோளாறும் கூடவே மாறினால் நாசில்; அங்கேயே இருந்தால் பம்பின் எலிமென்ட் அல்லது கம்ப்ரஷன். நாசில் தூவும் டீசலுக்கு நேரே கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல மட்டுமே தெரியும், வலியும் முதலில் குறைவு. உடனே மருத்துவமனையில் அறுவை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தெருவோரப் பட்டறையில் திறக்கத் தக்கதல்ல அது. சோதனை மேசை உள்ள பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். கூடுதல் இழுவை வேண்டி டீசல் அளவுத் திருகைத் திருப்பிவிடுவது சிலரிடம் உள்ள வழக்கம். இழுவையைவிடப் புகையே கூடும். 1996ஆம் ஆண்டின் டீசல் புகை விதிமுறைகளின்படி வண்டி தடுக்கப்படலாம், வண்டிப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையிலும் தேறாது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் உதவித்தொகை நீக்கப்பட்டு டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய பிறகு, சலுகை அட்டை இல்லாத வண்டிக்காரருக்கு அந்தக் கரும்புகை நேரான பண இழப்பு. மேசையில் அளவு சரிசெய்த பம்பின் திருகுக்குக் கடைக்காரர் கம்பி கட்டி முத்திரை வைப்பது முறை. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அந்த முத்திரையைப் பார்த்து, சோதனை அளவு எழுதிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.