வத்தகை

வத்தகை: வெள்ளரிக் குடும்பத்துப் படர்கொடி; அதன் பழம். தாவரவியற் பெயர் சிட்ருலஸ் லனாட்டஸ். பேச்சில் வத்தகைப்பழம், வத்தக்கா எனவும் வழங்கும் இச்சொல் இலங்கைத் தமிழுக்கு உரியது. தமிழ்நாட்டார் தர்பூசணி, தண்ணீர்ப்பழம், கோசாப்பழம் என்பர். பழத்தில் 90 வீதத்துக்கு மேல் நீர்.

சொல் வரலாறு

கொடியின் தாயகம் ஆபிரிக்கா. சூடானின் கொர்டோபான் வத்தகையே இதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு கண்டது. அரபியில் இது பித்தீக். அதிலிருந்து போர்த்துக்கேயரின் பதேக்காவும், அதன் வழியே பிரெஞ்சின் பஸ்தேக்கும் பிறந்தன. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா டா ஓர்ட்டாவின் மருத்துவ நூல் பதேக்காவை விவரிக்கிறது. வத்தகையும் மலபாரின் வத்தக்கவும் ஒலியில் இவற்றுக்கு நெருக்கமானவை.

தர்பூசணி வேறு வழியில் வந்தது. பாரசீகத் தர்பூஸ் வடநாடு வழியாகத் தமிழகம் புகுந்து பூசணியின் சாயலைப் பெற்றது. ஈரானியரோ இன்று இதை 'இந்தியாவுக்குரியது' எனப் பொருள்படும் ஹெந்தவானே என்கின்றனர். கொம்மட்டி என்ற பழந்தமிழ்ப் பெயர் பேய்க்கொம்மட்டி என்னும் கசப்புக் காட்டுக்கொடியோடு நின்றுவிட்டது. சிங்களக் கொமடு அதற்கு நெருங்கிய சொல்.

அக்குறணையில் வழக்கு

கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அக்குறணை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வர்த்தக நகரம். மலைநாட்டு ஈரம் இக்கொடிக்கு ஒத்துவராது. அனுராதபுரம், மொனராகலை, ஹம்பாந்தோட்டை போன்ற உலர் வலய மாவட்டங்களிலேயே இது செழிக்கும். வீட்டில் வத்தக்கா எனப்படுவது சிங்கள வாடிக்கையாளரிடம் கொமடு ஆகும். வாங்குபவர் அடிப்பக்கத்து மஞ்சள் திட்டைப் பார்த்து, விரலால் தட்டி, கனத்த ஓசை கேட்டால் எடுப்பர்.

ரமழானில் தேவை கூடும். விதை நீக்கி மசித்து, சீனியும் குளிர்நீரும் சேர்த்த பானம் நோன்பு திறக்கும் வேளைக்கு உகந்தது. நபிகளார் பித்தீகைப் பேரீச்சம்பழத்தோடு உண்டதாக அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் உண்டு. அது வத்தகையா முலாம்பழமா என்பதில் உரைகாரர் வேறுபடுவர்.

பொருள் விரிவு

1967 போரின் பின் கைப்பற்றிய பகுதிகளில் இஸ்ரேல் பலஸ்தீனக் கொடிக்குத் தடை விதித்தது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என அக்கொடியின் நான்கு நிறங்களும் வெட்டிய வத்தகையில் உள்ளதால், பழம் கொடிக்குப் பதிலியானது. 2023இல் காசாப் போர் தொடங்கியபின் இச்சின்னம் உலகெங்கும் பரவியது.