கொடைக்கானல்: காய்ச்சல் உருவாக்கிய ஊர்

1/ கொடைக்கானல் ஏரியில படகு சவாரி போயிருப்பீங்க. அந்த ஊர் இப்படி உருவானதுக்குக் காரணமே காய்ச்சல்தான்னு தெரியுமா? ஒரு குட்டி இழை.

2/ 1830-களில் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சல், காலரான்னு அடுத்தடுத்து இறந்தாங்க. மிச்சம் இருந்தவங்க குளிர்ந்த இடம் தேடி பழனி மலை ஏறினாங்க. பளியரும் குன்னுவரும் ஏற்கெனவே வாழ்ந்த மலை அது. 1845-ல் அங்கே இரண்டு பங்களாக்கள் எழும்பின.

3/ மலேரியா கெட்ட காற்றால் வருதுன்னு அன்னைக்கு நம்பினாங்க. அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதான். கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சது 1897-ல். காரணம் தப்பு, ஆனா மலை ஏறினது சரி! சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில், கொசுவுக்குள்ள மலேரியா கிருமி வளர்றதே கஷ்டம்.

4/ ஏரி இயற்கையானது இல்லீங்க. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச், ஓடையை மறிச்சு கரை கட்டி உருவாக்கினது. முதல் படகு தூத்துக்குடியில இருந்து வந்தது. மோட்டார் போகும் மலைச்சாலை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. அதுவரை வெள்ளைக்காரங்களை டோலியில தோள்மேல சுமந்து ஏறினது நம்ம ஆட்கள்.

5/ இனி கசப்பான பகுதி. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடின தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் இங்கே வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-ல் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில கிடந்தது வெளியே தெரிஞ்சது. ஆலை மூடப்பட்டது.

6/ பாதரச ஆவியை சுவாசிச்சா நரம்பும் சிறுநீரகமும் பாதிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. ஏரித் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006-ல் பதிவு செஞ்சாங்க.

7/ ஆலையால உடல்நலக் கேடு இல்லைன்னு நிறுவனம் சொல்லிக்கிட்டே இருந்தது. தொழிலாளர்கள் விடலை. 15 வருஷப் போராட்டத்துக்கு அப்புறம், 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது.

8/ காய்ச்சலுக்குப் பயந்து ஓடி வந்த மலையில, காய்ச்சல் பார்க்கிற கருவியே விஷத்தைக் கொட்டிடுச்சு. அடுத்த முறை ஏரியைச் சுத்தும்போது, டோலி தூக்கினவங்களோட அந்த 591 பேரையும் நினைச்சுக்கோங்க.

9/ வீட்டில பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைஞ்சா துடைப்பத்தால கூட்டாதீங்க, கையால தொடாதீங்க. குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து வைங்க. கெட்ட காற்றுங்கிறது இந்த விஷயத்துல நிஜம்.