லினக்சும் வீட்டு அச்சுப்பொறிகளும்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓர் அச்சுப்பொறி சரிவர இயங்குமா என்பது அதன் விலையைக் காட்டிலும், அது புரிந்துகொள்ளும் பக்க விவரிப்பு மொழியையே பெரிதும் பொறுத்தது. ஒரு பக்கத்தில் எந்த எழுத்து, எந்தக் கோடு, எவ்விடத்தில் விழ வேண்டும் என்று கணினி அச்சுப்பொறிக்கு அறிவிக்கும் முறையே பக்க விவரிப்பு மொழி எனப்படுகிறது. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்.பி. நிறுவனத்தின் பி.சி.எல். ஆகியன இவற்றுள் பரவலானவை. இவற்றின் விவரக்குறிப்புகள் வெளியிடப்பட்டுள்ளமையால், இவற்றை அறிந்த அச்சுப்பொறிகள் லினக்சில் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்குகின்றன.

மலிவின் காரணம்

விலை குறைந்த லேசர் அச்சுப்பொறிகள் பல இம்மொழிகளை அறியா. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையை அவை கணினியிடமே விட்டுவிடுகின்றன. ஆகவே உள்ளே வலுவான செயலியும் மிகுந்த நினைவகமும் தேவைப்படுவதில்லை, விலையும் குறைகிறது. ஆனால் அப்புள்ளிகளை அனுப்பும் முறை அந்தந்த நிறுவனத்திற்கே உரியது. அதற்கான இயக்கி பல வேளைகளில் விண்டோசுக்கு மட்டுமே எழுதப்பட்டது.

இந்திய வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் மிகுதியாகப் பயன்பட்ட எச்.பி. லேசர்ஜெட் 1020 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மின்சாரம் நின்றால் இது தன் நிலைப்பொருளை இழந்துவிடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி அதை மீண்டும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிடில் விளக்கு எரியும், தாள் நகராது. தன்னார்வலர் எழுதிய கட்டற்ற இயக்கி ஒன்று இப்பணியைச் செய்கிறது. எச்.பி. வெளியிடும் எச்பிலிப் மென்பொருளில் இதற்கு மூடிய செருகுநிரல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். கேனன் எல்.பி.பி. 2900 வகை, கேப்ட் என்னும் தனி மொழியைப் பேசுகிறது. இதற்கு நிறுவனமே லினக்ஸ் இயக்கி வெளியிட்டது எனினும், அது 32-பிட் நூலகங்களை நாடியதால் 64-பிட் கணினிகளில் நிறுவுவது தலைவலியாக இருந்தது. இவற்றைப் பழையதாக வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

வரலாறு

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்திலேயே ஓர் அச்சுப்பொறிக்குப் பங்கு உண்டு. 1980ஐ ஒட்டி, எம்.ஐ.டி. செயற்கை அறிவாண்மை ஆய்வகத்திற்கு செராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்குச் செய்தி அனுப்பும் வசதியை ரிச்சர்டு ஸ்டால்மன் சேர்த்திருந்தார். புதியதன் மூலநிரல் கிடைக்காததால் அவ்வாறு செய்ய இயலவில்லை. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார்.

லினக்சின் அச்சிடும் அமைப்பான கப்ஸ், மைக்கேல் சுவீட் என்பவரால் எழுதப்பட்டு 1999இல் வெளிவந்தது. 2007இல் ஆப்பிள் இதன் மூலநிரலை வாங்கியது. சுவீட் 2019இல் அந்நிறுவனத்தை விட்டு விலகியபின், இதன் வளர்ச்சிப் பணி ஓப்பன்பிரிண்டிங் திட்டத்திற்கு மாறியது.

இயக்கியற்ற அச்சிடல்

2010இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஏர்பிரிண்ட், 2013இல் வந்த ஐ.பி.பி. எவ்ரிவேர் ஆகிய முறைகளில் தனி இயக்கி தேவையில்லை. கைப்பேசிக்காக ஏற்பட்ட இவ்வசதியால் லினக்ஸ் பயனருக்கே பெரும் பயன் விளைந்தது எனலாம். பெட்டியின் மேல் லினக்ஸ் என்ற சொல் அரிதாகவே காணப்படும். ஏர்பிரிண்ட் குறி இருந்தால் பெரும்பாலும் போதுமானது. கம்பியில்லா இணைப்பு அற்ற மிக மலிவான வகைகளில் இக்குறி பொதுவாக இராது. அவற்றையே கூடுதலாக ஆராய வேண்டும்.

வருடியும் சேர்ந்த பல்பணி அச்சுப்பொறியாயின், வருடி இயங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். லினக்சில் அதற்குரிய அமைப்பு சேன் ஆகும்.

மைச்செலவு

அச்சுப்பொறியின் விலை மலிவாயினும் மைப்பேழையின் விலை அவ்வாறு இருப்பதில்லை. மாதத்திற்குச் சில பக்கங்களே அச்சிடும் வீட்டில் மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் நுண்துளைகள் உலர்ந்து அடைபடும். துப்புரவு செய்வதிலேயே மை தீரும். அத்தகையோருக்குக் கறுப்பு வெள்ளை லேசரே ஏற்றது. நிறப்படங்களை அடிக்கடி அச்சிடுவோருக்கு மைத்தொட்டி வகை சிக்கனமானது. எப்சன் நிறுவனம் தன் இ.எஸ்.சி./பி-ஆர் மொழிக்குக் கட்டற்ற லினக்ஸ் இயக்கி அளித்துள்ளது.

தமிழ் எழுத்துகளுக்கென அச்சுப்பொறியில் தனி வசதி வேண்டியதில்லை. எழுத்துருக்கள் பதிக்கப்பட்ட பி.டி.எப். கோப்பு திரையில் சரியாகத் தெரிந்தால், தாளிலும் பொதுவாக அவ்வாறே விழும்.