நேயர்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய ஒருவர், வானொலியில் வழங்கும் 'நேயர்' வடசொல் என்றார். 'சிநேகம்' தேய்ந்து அப்படி ஆயிற்றாம். இனிமேல் 'கேட்போர்' என்றே சொல்ல வேண்டுமாம். அடுத்துப் பேசியவர், அது 'ஞேயர்' என்பதன் திரிபு, அறிஞர் என்று பொருள் என்றார். கைதட்டல் இருவருக்கும் கிடைத்தது.

இரண்டாமவருக்கு நீண்ட விடை வேண்டாம். ஞாதிரு, ஞானம், ஞேயம் என்று சைவ சித்தாந்தம் வகுக்கும் மூன்றில் ஞேயம் அறியப்படும் பொருள், அறிபவன் ஞாதிரு. பாட்டுக் கேட்பவரை ஞேயர் ஆக்க வழியே இல்லை.

முன்னவர் துணைக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இருக்கிறது. இருந்தும் நான் உடன்படேன். வடமொழி 'ஸ்நேஹ' என்பதற்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருள் உண்டு, அன்பு என்றும் பொருள் உண்டு. அதைக் கண்டதும் கடன் வாங்கியவர் தமிழரே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழில் 'நெய்' என்ன, நேற்று வந்த சொல்லா? எள்ளின் நெய் எண்ணெய், வெள்ளை நெய் வெண்ணெய். ஒட்டுவதை அன்பாகவும் ஒட்டாததைப் பகையாகவும் காண்பது தமிழின் பழைய இயல்பு. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தலைவியைப் 'பசையினள்' என்கிறார். மானம் அதிகாரத்தில் பகைவரை 'ஒட்டார்' என்கிறார். 'ஈரம்' என்பதையே அன்பு என்ற பொருளில் இனியவை கூறலில் ஆள்கிறார். பசையும் ஈரமும் அன்பாகும் மொழியில் நெய் மட்டும் அன்பாகாதா? பெறு பேறாகும், கெடு கேடாகும். அதே நீட்சியில் நெய் நேயம் ஆகும். பேச்சில் உயிர் 'உசிர்' ஆவதுபோல நேயம் நேசம் ஆகும். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் இறைவனை நேயத்தில் நிற்பவனாகப் போற்றுகிறார். தனித்தமிழ் அறிஞர் பாவாணர் 'தேவநேசன்' என்ற தம் பெயரைத் 'தேவநேயன்' என்று ஆக்கிக்கொண்டதும் தற்செயல் அன்று.

இங்கே ஒரு பொய்த்தடமும் உண்டு. அறுபத்து மூவருள் நேச நாயனார் நெசவாளர். அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர். அதனால் நேசம் நெசவிலிருந்து வந்தது என்பார் உளர். துணி நெய்தல் வேறு, உருகும் நெய் வேறு. அந்தப் பொருத்தம் அழகானது, அவ்வளவே.

சொல் கிடக்கட்டும், நேயர் என்ற ஆள் எப்போது வந்தார்? பழைய பத்திரிகைகள் 'வாசக நேயர்களே' என்று விளித்தது உண்டு. ஆனால் சொல்லுக்கு வீடு கிடைத்தது வானொலியில்தான். 1924 மே 16இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். ஜூலை 31இல் ஒலிபரப்பு எழுந்தது. 1927இல் பணமின்றிக் கழகம் நின்றது. அதன் கருவியைக் கொண்டு மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. மெரினாவில் ஒலிபெருக்கியின் கீழே மணலில் உட்கார்ந்து மாலையில் பாட்டுக் கேட்டார்கள். அவர்களை என்னவென்று அழைப்பது? கச்சேரிக்குப் போனவர் ரசிகர். நாடகக் கொட்டகையில் இருந்தவர் சபையோர். கட்டியங்காரன் அவர்களைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வான். கடற்கரையில் இருந்தவர் பாடகரைக் காணவில்லை, பாடகரும் அவரைக் காணவில்லை.

1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தபின் இந்தக் காணாமை நிலைத்துவிட்டது. சபையில் வித்வான் கண்ணை ஓட்டுவது முன்வரிசையில் தாளம் போடும் கைக்கு. நிரவல் நீளுவதும் குறுகுவதும் அந்தக் கையைப் பார்த்துத்தான். நிலையத்தில் கதவு சாத்தியிருக்கும், சிவப்பு விளக்கு எரியும், எதிரே ஒலிவாங்கி நிற்கும். 'பலே' சொல்ல ஆளில்லை. பல்லவி முடிந்தாலும் முடியாவிட்டாலும் கடிகாரம் முடித்துவிடும். நாடகம் இன்னும் கூடுதலாக இழந்தது. மேடையில் நடிகருக்குச் சுருதி கொடுத்த ஆர்மோனியத்தை 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்தது. ஆர்மோனியமும் சபையோரும் இல்லாத நாடகத்தைக் குரலும் காலடி ஓசையும் தாங்கின. இலங்கை வானொலியில் நாடகத் தயாரிப்பாளர் சானாவின் 'லண்டன் கந்தையா' அப்படித்தான் வீடு வீடாக நுழைந்தான்.

காணாதவரோடு பேச உறவு வேண்டியிருந்தது. சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர் 'வானொலி அண்ணா' ஆனார். கேட்டவர் நேயர் ஆனார். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் வீட்டார் பெயர்களையும் எழுதி அனுப்பினால், ஒருநாள் அந்தப் பெயர்கள் காற்றில் வரும். அது 'நேயர் விருப்பம்'. 'கேட்போர் விருப்பம்' என்றால் அந்த அட்டைக்கு உயிர் இருக்குமா?

'கேட்போர்' என்று திருத்த வருபவர்கள் கேள் என்ற சொல்லையே முழுதாகக் கேட்கவில்லை. செவியால் கேட்பதும் கேள்; உறவும் கேள். கணியன் பூங்குன்றனார் உலகத்தார் எல்லாரையும் 'கேளிர்' என்றார். நட்புக்குக் 'கேண்மை' என்று பெயர். அகராதிகள் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னால் கேட்பவனே கேள். வானொலிக்காரர் 'கேளிர்' என்றே அழைத்திருக்கலாம். பழஞ்சொல் என்று தயங்கியிருப்பார்கள். அந்த இடத்தில் வந்து அமர்ந்ததுதான் நேயர். நெய்யிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல் அது. மாற்றவேண்டிய தேவை எதுவும் இல்லை.