ஆசிரியன் இல்லாத கதை

கதை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆசிரியன் இருந்தே தீரவேண்டும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு அதுவே ஜீவனோபாயம். ஆனால் 1974ஆம் வருஷம் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வெளிவந்தது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்கள் எழுந்திருக்கும்போது அங்கே ஒரு கதை நடந்து முடிந்திருக்கிறது. அதைச் செய்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

அதை ஆடுகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடியிருப்பவர்களில் ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடன். அந்தந்தப் பாத்திரத்தின் தேகபலம், புத்தி, சாமர்த்தியம் எல்லாம் ஒரு காகிதத்தில் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். நடுவர் ஆரம்பிக்கிறார்:

"படியிறங்கி வந்திருக்கிறீர்கள். எதிரே இரும்புக் கதவு. உள்ளே யாரோ முனகுகிற சத்தம் கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?"

"உடைக்கிறேன்" என்கிறார் வாள்வீரர். "கொஞ்சம் பொறு, பூட்டைப் பார்க்கிறேன்" என்கிறார் திருடன். மந்திரவாதியோ கதவைத் தட்டி, "யாரப்பா உள்ளே?" என்று விசாரிக்கலாம். எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். காரியம் பலிக்குமா என்ற சந்தேகம் வரும்போது மட்டும் பகடை உருளுகிறது. நம்முடைய தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவர்களிடம் இருபது முகமுள்ள பகடைகூட இருக்கிறது. எண் சாதகமாக விழுந்தால் பூட்டுத் திறக்கும். விழாவிட்டால் உள்ளே முனகியது எதுவோ, அது விழித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது. ஒரே கதையை வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இதன் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால் நாம் போய்ச் சேருகிற இடம் பிரஷ்ய ராணுவம். ரைஸ்விட்ஸ் என்ற பிரபு ஒருவர் 1812இல் பிரஷ்ய மன்னருக்கு ஒரு யுத்த விளையாட்டைச் செய்து காட்டினார். பீரங்கிப் படையில் உத்தியோகம் பார்த்த அவருடைய மகன் அதைத் திருத்தி 1824இல் புத்தகமாக வெளியிட்டார். நிஜமான தேசப்படத்தின் மேல் படைகளுக்குப் பதிலாகச் சிறு கட்டைகள். தளபதிகளாக இருப்பவர்கள் கட்டளைகளை எழுதிக் கொடுப்பார்கள். நடுவில் இருக்கும் மத்தியஸ்தர் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டு, எந்தப் படையின் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் அந்தப் பக்கத்தாருக்குச் சொல்லுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் விதிகளும் அட்டவணைகளும் பெருகிப் பெருகி ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவசாலியான மத்தியஸ்தரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று எழுதினார். புத்தகத்தில் இல்லாததும் நடக்கலாம் என்று ஆனது அப்போதுதான். டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் 'ஸ்ட்ராடிகாஸ்' என்று ஒரு யுத்த விளையாட்டு நூலை வெளியிட்டார். ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கழித்து மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் அது கிடைத்தது. ஆடுகிறவர் எதையும் முயன்று பார்க்கலாம், முடிவு மட்டும் நடுவருடையது என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்து பிடித்துக்கொண்டார்.

1969 வாக்கில் வெஸ்லி தம் நண்பர்களுக்காக ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்று. பிரௌன்ஸ்டைன் என்று கற்பனைப் பெயர். படைத்தலைவர்களாக இருப்பதற்கு வேண்டியவர்களைவிட அதிகம் பேர் வந்துவிட்டதால் ஊர் மேயர் போன்ற வேஷங்களையும் கொடுத்தார். வந்தவர்கள் யுத்தத்தை மறந்தே போனார்கள். அறைக்கு அறை போய் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள். துவந்த யுத்தம் செய்யப் போவதாக இருவர் வந்து நின்றார்கள். அதற்கு விதியே எழுதப்படவில்லை. அவர் அந்தக் கணத்திலேயே ஒரு வழி செய்து பகடையை உருட்டச் சொன்னார். ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, படுதோல்வி என்றே அவர் நினைத்தார். நண்பர்களோ, "அடுத்தது எப்போது?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். 1971இல் அவர் 'பிளாக்மூர்' என்று ஒரு கற்பனை நாட்டை உண்டாக்கினார். அங்கே ஒரு கோட்டை. கோட்டைக்குக் கீழே இருட்டு நிலவறைகள். ஒரு நாள் ஏற்ற பாத்திரம் அடுத்த ஆட்டத்திலும் உயிரோடு வந்தது, அனுபவம் சேர்த்தது, வளர்ந்தது. 1972இன் கடைசியில் அதை விஸ்கான்ஸினில் இருந்த காரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் விதிகளை விரித்து எழுதினார். 1974 ஜனவரியில் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி, விலை பத்து டாலர், ஆயிரம் பிரதிகள் என்று வெளிவந்தது. இருவர் பெயரும் அதில் இருந்தன.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். விளையாட்டு அமோகமாக விற்கத் தொடங்கியது. 1977 முதல் வந்த விரிவான பதிப்பில் ஆசிரியர் என்று கைகாக்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. ஆர்னெசன் 1979இல் வழக்குப் போட்டார். 1981இல் சமரசமாயிற்று. 1985இல் கைகாக்ஸே தம் கம்பெனியின் ஆதிக்கத்தை இழந்தார். அவர் 2008இலும் ஆர்னெசன் 2009இலும் காலமானார்கள். ஆசிரியன் வேண்டாம் என்ற விளையாட்டுக்கு ஆசிரியன் யார் என்று கோர்ட்டில் கேட்க வேண்டி வந்தது.

நியாயம் யார் பக்கம்? எழுதுகிறவன் என்ற முறையில் என் மனம் கைகாக்ஸ் பக்கம் சாய்கிறது. அவர் எழுதாவிட்டால் அது ஓர் ஊர் நண்பர்களின் பொழுதுபோக்காகவே மறைந்திருக்கும். ஆனால் அவர் எழுதியது ஆர்னெசனின் மேஜையில் பிறந்தது. அதற்கு வித்து வெஸ்லியின் 'தோல்வி'. அந்தத் தோல்வியையும் செய்தவர்கள், சொன்னபடி கேட்காமல் அறைக்கு அறை அலைந்த நண்பர்கள். ஆக, விளையாட்டும் அதில் விளைகிற கதையைப் போலவே பலர் கூடிச் செய்ததுதான்.

'என் பாத்திரங்கள் தம் இஷ்டப்படி நடக்கின்றன' என்று நாங்கள் நாவலாசிரியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வாஸ்தவத்தில் கயிறு எங்கள் கையில்தான் இருக்கிறது. வேண்டாத பாத்திரத்தை மூன்றாம் அத்தியாயத்தில் ஜுரம் வரவழைத்துத் தீர்த்துவிடலாம். அந்த மேஜையில் இருக்கும் நடுவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் ராத்திரியெல்லாம் யோசித்துக் கட்டிய கோட்டைக்குள் நுழையாமலே, "நாங்கள் ஆற்றங்கரைப் பக்கம் போகிறோம்" என்று பாத்திரங்கள் கிளம்பிவிடலாம். அவரும் முகம் சுளிக்காமல், "சரி, ஆற்றில் வெள்ளம் போகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். நான் அதைக் கேட்பேனா என்பது எனக்குச் சந்தேகமே.