பெரியவர்கள் விட்ட பிழை

சில வருடங்களுக்கு முன் மாவடிப்பள்ளியில் ஒரு பரிசளிப்பு விழா. முஸ்லிம் அறிவியல் முன்னோடிகள் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். இப்னு சீனா, இப்னுல் ஹைதம், அல்பீரூனி என்று வழமையான பெயர்களை அடுக்கினேன். பேசி முடித்ததும் பத்தாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் எழும்பி, “சேர், இவங்க ஒருத்தரும் பிழை உடல்லையா?” என்று கேட்டான். “முதல்ல அவங்க எழுதினதப் படிங்க மகன், பொறகு பிழை தேடலாம்” என்றேன். சபை சிரித்தது. பொடியன் உட்கார்ந்துவிட்டான்.

இருபுறமும் வயல் கிடந்த வீதியால் வீடு திரும்பும்போது அவன் முகம் மனதை விட்டுப் போகவில்லை. விடை எனக்குத் தெரியாமலில்லை. மேடையில் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதை இப்போது எழுதுகிறேன். நம்மவர் கதைக்கு முன், பதற்றமில்லாமல் பார்க்கக்கூடிய இன்னொரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறு விண்மீனாகி அடங்கிவிடும் என்பதுதான் அன்றைய எண்ணம். சந்திரசேகரின் கணக்கு வேறு சொன்னது. எஞ்சிய திணிவு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால், உள்ளேயிருக்கும் இலத்திரன்களின் அமுக்கத்தால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது, சுருக்கம் நிற்காது.

1935 ஜனவரி 11ஆம் திகதி லண்டனில், அரச வானியல் சங்கத்தில், இதை அவர் வாசித்தார். அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க ஆபிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பே தீவுக்குப் போனவர். விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றி அன்று அவருக்கு மேலே ஆளில்லை. சந்திரசேகரின் வேலையை மாதக்கணக்காக அருகிலிருந்து பார்த்தவரும் அவரே. கணக்கு எங்கே கொண்டுபோகும் என்பதை எடிங்டன் சரியாகவே கண்டார்: ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு விண்மீன் சுருங்கிவிடும். இன்று நாம் கருந்துளை என்பது அதைத்தான். ஆனால் அவருக்கு அது அபத்தமாகப் பட்டது. இயற்கை அப்படி நடக்க விடாது, சூத்திரமே பிழை என்றார். அந்தச் சபையும் சிரித்தது.

வெள்ளைக்காரனின் இனத்துவேஷம் என்று சொல்லி இதை இலகுவாக முடித்துவிடலாம். ஆனால் எடிங்டன் தன் நாட்டவரான ஜீன்ஸுடனும் மில்னுடனும் இதே மாதிரி மோதியவர். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. போர், பவுலி போன்ற பௌதிகவியலாளர்கள் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று கண்டிருந்தார்கள். தனிப்பட்ட முறையில் சொல்லவும் செய்தார்கள். பகிரங்கமாகச் சொல்ல அப்போது முன்வரவில்லை. சந்திரசேகர் 1939இல் தன் ஆய்வை ஒரு நூலாக்கிவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

அவர் எடிங்டனை எப்படித் தீர்த்தார்? எடிங்டன் பிறந்த நூற்றாண்டான 1982இல் கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றி உரையாற்றினார். தன் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்று மதித்தார். அவர் விட்ட பிழையையும் மறைக்கவில்லை.

இனி நம்மவர் கதை. இதயத்தின் வலப்பக்கமிருந்து இடப்பக்கத்துக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளால் இரத்தம் போகிறது என்று கிரேக்க வைத்தியர் கலென் சொன்னார். இப்னு சீனாவும் தன் ‘அல்கானூன்’ நூலில் கலெனின் உடற்கூற்றையே பின்பற்றினார். 1242இல் இப்னு அந்நபீஸ், அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே போகிறது என்று எழுதினார். எங்கே எழுதினார்? ‘அல்கானூ’னின் உடற்கூற்றுப் பகுதிக்குத் தான் எழுதிய விளக்கவுரையில். உரை எழுதுமளவுக்கு ஒரு நூலை மதித்தவர், அதே உரையில் அது பிழை என்றும் எழுதினார். இரண்டும் ஒரே பேனையால்தான்.

ஆய்ந்து தீர்ப்புச் சொல்பவர் தவறினாலும் ஒரு கூலி உண்டு என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அது மார்க்கத் தீர்ப்புப் பற்றியது. என்றாலும் அந்த அளவுகோல் இங்கும் உதவும். பாடுபட்டுத் தேடியவர் தவறினால் அவர் சிறியவராகிவிட மாட்டார். தன் பெயரின் பாரத்தை இளையவர் தலையில் வைத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தும் வாய் மூடியிருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

அன்று மேடையில் நான் எடிங்டனைப்போல் பேசினேன். எடிங்டனின் அறிவில் ஒரு துளியும் என்னிடம் இல்லை. விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தவனும் நான்தான். அந்தப் பொடியன் இப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருப்பான். இது அவன் கண்ணில் பட்டால்: ஓம் மகன், அவங்களும் பிழை உட்டிரிக்காங்க. அதைக் கண்டுபிடிச்சவங்களும் நம்மட ஆக்கள்தான்.