மணலில் நிற்கும் அணையும் நம் மோட்டார் கொட்டகையும்



தோட்டத்தில் ஒரு மோட்டார் கொட்டகை கட்டுகிறோம். செங்கல் எந்தச் சூளையில் வாங்கலாம், கூரைக்கு ஓடு போடலாமா தகரம் போடலாமா என்று பத்து நாள் யோசிக்கிறோம். கடைக்கால் என்று வரும்போது மட்டும், "சின்னக் கொட்டகைதானே, ரெண்டடி பறிச்சுப் போடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். மூன்றாவது மழைக்காலத்தில் கிழக்குச் சுவர் மூலையோடு பிளந்து ஸ்டார்ட்டர் மேல் விழுந்தது. கால் மணி நேரம் முன்புதான் என் மகன் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தான்.

"மண்ணு சரியில்லீங்க" என்றார் கொத்தனார். நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் மண் சரியில்லாத இடத்தில் கட்டடம் நிற்காது என்றால், கல்லணை எப்படி நிற்கிறது?

கரிகால் சோழன் கட்டியது என்று நாம் போற்றும் கல்லணை நிற்பது ஆற்று மணலில். நீளம் சுமார் 1,080 அடி. உயரம் 15 முதல் 18 அடி. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான் வரும் இடம் அது. பழையவர்கள் என்ன செய்தார்கள்? பெரிய பெரிய பாறைகளை ஆற்றுக்குள் போட்டார்கள். ஓடுகிற தண்ணீர் பாறைக்கு அடியில் இருக்கும் மணலை அரிக்கும். பாறை கீழே இறங்கும். அதன் மேல் இன்னொன்று. இனி இறங்காது என்ற நிலை வந்ததும் அதன் மேலே கல்லும் களிமண்ணும் வைத்து அணையை எழுப்பினார்கள். இப்படித்தான் கட்டியிருக்க வேண்டும் என்பது பொறியியல் அறிஞர்களின் கணிப்பு. எந்தத் தண்ணீர் அஸ்திவாரத்தைப் பறிக்குமோ, அதே தண்ணீரைக் கொண்டே அஸ்திவாரம் போட்ட கெட்டிக்காரத்தனம் அது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியில் மணல் மேடிட்டு, தண்ணீர் பெரும்பாலும் பள்ளமான கொள்ளிடத்துக்கே போனது. தஞ்சைச் சீமையின் நஞ்சைகள் வாடின. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வந்து கல்லணையை ஆராய்ந்தார். பிறகு முக்கொம்பில், கொள்ளிடம் பிரிகிற இடத்தில், 1836 முதல் 1838 வரை மேலணையைக் கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டாரிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாடத்தோடு போய்த்தான் 1847இல் கோதாவரியில் தவளேசுவரம் அணையைத் தொடங்கினார். 1852இல் அது முடிந்தது.

அப்படிக் கட்டியதும் என்றைக்கும் நிற்கும் என்று இருந்துவிட முடியாது. 2018 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு, வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. தண்ணீர் ஓடும் இடத்தில் கட்டினால், கட்டி முடித்த பிறகும் அடியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி என் கொட்டகைக்கு வருகிறேன். விழுந்த மூலையைத் தோண்டிப் பார்த்தேன். கடைக்காலுக்கு அடியில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து! தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் சுவரோரமாகவே மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. மண் மேல் குற்றமில்லை. மண்ணை ஓடவிட்டது நான்.

மறுபடி கட்டும்போது செய்தது இதுதான். தொட்டியையும் வாய்க்காலையும் கொட்டகையை விட்டுத் தள்ளி வைத்தேன். மேல் மண்ணை வழித்து எடுத்து, கெட்டி மண் தட்டும் வரை வானம் பறித்தேன். அடியில் அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்தேன். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது. தரையை வெளி மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தினேன். சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டேன். கூரைத் தண்ணீர் அதில் விழுந்து தள்ளிப் போய்விடும்.

கரிசல்காட்டு அன்பர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று கம்பு விட்டுப் பாருங்கள். கடைக்கால் அதற்கும் கீழே போக வேண்டும். கிணற்று விளிம்பை ஒட்டி யாரும் கட்ட வேண்டாம்.

கொட்டகை சின்னதுதான். ஆனால் அதற்குள் போய் வருவது நம் பிள்ளைகள். அடுத்த மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை கொட்டகையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சுவரை நோக்கி ஓடினால் அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துத் திருப்பி விடுங்கள்.